சாமான் அறைக்குப் பூட்டுப் போட்ட நாள்

6-6-1962
கச்சான் காற்று. வகுப்பு முழுக்க மண்.

எட்டாம் வகுப்பு நேசமலர் வாங்கில் ஒட்டிக்கொண்டு எழும்பமாட்டேன் என்று அழுதாள். பார்த்ததும் விளங்கிவிட்டது. பிள்ளை பெரியவளாகிவிட்டாள். ஆண் கண் படக்கூடாது. இந்தப் பள்ளிக்கூட வாத்திமாரில் நான் ஒருத்திதான் பெண். என் நீலச் சேலையை எடுத்துவந்து சுற்றி, சாமான் அறையில் இருத்தி, பொடியள் எட்டிப் பார்க்காமல் பூட்டிவிட்டு வாசலில் கதிரை போட்டு இருந்தேன். உள்ளே அழுதபடியே இருந்தாள்.

தாய் அன்னபாக்கியம் வயலிலிருந்து வரப் பின்னேரமாகிவிட்டது. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் தலையில் கை வைத்தாள். "இண்டைக்கு நாளும் சரியில்லை, நட்சத்திரமும் சரியில்லை ரீச்சர். பிள்ளையின்ர கலியாணம் குழம்பிப்போம். ஆவணியில நல்ல நாள் பாத்து, அப்பதான் வந்ததெண்டு சொல்லுவம். ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ." கையைப் பிடித்துக் கேட்டாள். ஓம் என்றேன்.

வண்டிலில் ஏற்றும்போது வீரகத்தி சைக்கிளை நிறுத்தி, சேலையில் இருந்த கறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெற்றோர் சங்கத் தலைவர். என் வேலையை மருமகளுக்குக் கேட்டுத் திரிகிறவர்.

18-6-62
கல்விக் கந்தோரிலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நேசமலரை ரத்தம் வர அடித்தேனாம். மறைக்கத்தான் பூட்டினேனாம். வீரகத்தி கண்ணால் கண்டாராம்!

பிள்ளைக்கு வயிற்றுவலி என்று பதில் எழுதிப் போட்டேன். வேறென்ன எழுதுவது?

19-6-62
நேசமலர் ஒன்றும் நடக்காதது போல வகுப்புக்கு வருகிறாள். என் முகத்தைப் பார்க்கிறாளில்லை.

27-6-62
வவுனியாவுக்குப் போய், கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசி யோகலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வயித்துவலிக்கு ஆரும் பூட்டுப் போடுவினமோ? உங்கட எழுத்தே உங்களைக் கட்டிப்போட்டிட்டுது. விசாரணைக்கு என்னை உள்ள விடமாட்டினம். தாய் வந்து உண்மையைச் சொன்னால் தப்புவீங்கள். இல்லாட்டி உங்கட தராதரப் பத்திரத்தை ரத்துச் செய்வினம்."

அது போனால் எந்தப் பள்ளிக்கூடமும் என்னைச் சேர்க்காது. படிப்பிக்கிறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

30-6-62
அன்னபாக்கியம் சம்மதித்துவிட்டாள். "அதிகாரியிட்ட தனிய எண்டால் சொல்லுறன் ரீச்சர்."

3-7-62
றவூப் நானாவின் கடைக்குள் நுழைந்தேன். என்னைக் கண்டதும் அங்கே நின்றவர்கள் கதையை நிறுத்திவிட்டார்கள்.

10-7-62
விசாரணை. தாயைத் தனிய விசாரிப்போம் என்றவர்கள் வீரகத்தியையும் அதிகாரிக்குப் பக்கத்தில் இருத்திவிட்டார்கள். அன்னபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ரத்தம் இருந்ததோ?"

"இருந்தது ஐயா."

"எதால வந்தது?"

"எனக்குத் தெரியாது ஐயா."

தெரியாதாம்! பெத்த தாய்! என்ர கையைப் பிடிச்சுக் கேட்டவள்!

அதிகாரி என் பக்கம் திரும்பினார். உண்மை வாய் வரை வந்தது. ஜன்னலுக்கு வெளியே நேசமலர் இரட்டைப் பின்னலோடு நின்றாள். வீரகத்தி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தால் பொழுதுபட முன் ஊர் முழுக்கப் போய்விடும்.

"வயிற்றுவலிதான் ஐயா" என்றேன்.

வெளியே காத்து நின்ற யோகலிங்கம் என் முகத்தைப் பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

1-8-62
ரத்து.

30-8-62
நேசமலருக்குச் சாமத்தியச் சடங்கு. நல்ல நட்சத்திரத்தில் பெரியவளானாளாம். காலையிலிருந்து ஒலிபெருக்கி பாடுகிறது. முதல் பந்தியில் வீரகத்தி இருந்தாராம். எனக்கு அழைப்புச் சொல்லவில்லை. பிள்ளையை அடித்தவளுக்கு எப்படிச் சொல்வது?

பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கையில் அன்னபாக்கியம் பின்வேலியால் வந்தாள். கையில் என் நீலச் சேலை. சலவைக்குப் போட்டால் விஷயம் வெளியே போகும் என்று தானே தோய்த்திருக்கிறாள். அதை என் மடியில் வைத்துவிட்டு நின்று அழுதாள். திட்டத்தான் நினைத்தேன். வீட்டில் தேடுவார்கள், போ என்று மட்டும் சொன்னேன்.

பிறகு விரித்துப் பார்த்தேன். கறை முழுதாகப் போகவில்லை. மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன். பஸ் நாளைக் காலை.