வலது பக்க நாற்காலி

அன்புச் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அவரவர் மூட்டுவலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாமல், நல்லபடியாக இருக்க வேண்டும். போனை விட்டுவிட்டு அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே புகுந்துவிடுவாய், நானும் நடுவில் அழுது தொலைப்பேன், அதனால்தான். போன மாதம் கேட்டாயே, "அப்பாதான் வாயே தொறக்க மாட்டேங்கிறாரே, அவரோட உட்கார்ந்துகிட்டு ஏம்மா மனசைக் கஷ்டப்படுத்திக்கிற, பேசாம என்கிட்டயே வந்துடு, டிக்கெட் போடட்டுமா" என்று, அதற்கு இதுதான் பதில். உன்மேல் தப்பில்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் தனித்தனியாகக் குடியிருக்கிறோம் என்று உன்னிடம் புலம்பியவளே நான்தானே. நீ டிக்கெட் என்றதும் பரண்மேல் இருக்கும் நீலப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்தேன், இப்போது சொன்னால் என்ன. இனி நடந்ததைக் கேள்.

நம் வீட்டுப் பின்பக்கம், குளியலறைச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு துண்டு இடம் சும்மா கிடந்ததே, ஓட்டை டிரம், மிச்சமான டைல்ஸ், கால் உடைந்த கட்டில் என்று தூக்கியெறிய மனம் வராததையெல்லாம் கொண்டுபோய்ப் போடுவோமே, அதை உன் அப்பா ஒழித்துவிட்டார். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்று வந்த மனுஷருக்கு வீட்டில் நிம்மதியாக உட்கார இடமில்லை. வாரக் கடைசியில் உன் அண்ணன் தன் இரண்டு வாண்டுகளோடு வந்து இறங்கினால் டிவி அவர்களுடையது, கூடம் அவர்களுடையது, முற்றம் முழுக்க அவர்களுடைய பந்தும் ரப்பர்த் தொட்டியும்தான். ஒரு நாள் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தவர் வயிற்றில் பந்து வந்து விழுந்தது. எழுந்து பின்பக்கம் போனவர் அரைமணி நேரம் அந்தக் குப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையே கையில் மண்வெட்டி. பழைய சாமான்காரர் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார், உன் பள்ளிக்கூடத்துச் சைக்கிளை மட்டும் நான் தரவில்லை, பயப்படாதே. கொத்தனாரை வைத்து மழைத்தண்ணீர் தேங்காமல் ஓடச் சரிவு வைத்து, மேலே சரளைக்கல் பரப்பி, நாலு மூலையிலும் இரும்புக் குழாய் நட்டுப் பச்சை வலை கட்டினார். மதிலில் ஒரு கொடியையும் ஏற்றிவிட்டிருக்கிறார், அது ஏறுவேனா என்று அடம்பிடிக்கிறது. எல்லாம் முடிந்ததும் ஒரு தகரப் பலகையில் தன் கையாலேயே பெயின்டில் எழுதி மாட்டினார், "முழு டிக்கெட் மட்டும்" என்று. உன் அண்ணன் மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நானும் தம்பியும் ரெண்டு அரை டிக்கெட் தாத்தா, ரெண்டையும் சேர்த்தா ஒரு முழு டிக்கெட்தானே" என்று சண்டைக்கு நின்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் அசைந்து கொடுக்கவே இல்லை.

பிறகு இரண்டு பிரம்பு நாற்காலி வாங்கி வந்தார், நானும் மிச்சத் துணியில் பஞ்சடைத்து இரண்டு மெத்தை தைத்துக் கொடுத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றின் பின்னால் ஒன்றாக நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறார்! "ஏங்க, நான் என்ன உங்க வண்டியில ஏறின பயணியா, உங்க முதுகைப் பார்த்துக்கிட்டே உட்கார" என்று கேட்டேன். அவருக்கே வெட்கமாகிவிட்டது. நான் என் நாற்காலியைத் தூக்கி அவருக்கு இடது பக்கம் போட்டுக்கொண்டேன், அங்கேதான் வலையின் நிழல் நன்றாக விழும். மறுநாள் சாயங்காலம் போனால் என் நாற்காலி வலது பக்கம், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில், வெயில் நேராக மூஞ்சியில் அடிக்கிற இடத்தில் கிடக்கிறது. திரும்ப இடது பக்கம் போட்டேன். மறுநாளும் வலது பக்கம். சரி, இங்கே உட்கார்ந்தாவது ஒரு வேலையை முடிப்போம் என்று தைக்கிற துணியைக் கொண்டுபோனால், "இங்க ஊசி நூலெல்லாம் கூடாது" என்று ஒரு வார்த்தை, அதோடு சரி. எனக்கு வந்த ஆத்திரம் உனக்குச் சொல்லி மாளாது. மூன்று நாள் இப்படியே அந்த நாற்காலி அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது.

நாலாம் நாள் என்னால் முடியவில்லை. அடுத்த வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு இடது பக்கம் நின்றுகொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு, "நான் பக்கத்துல உட்கார்றதுகூட உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, நான் என் பொண்ணுகிட்டப் போறேன்" என்றேன். மனுஷர் கொடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் நெஞ்சே உடைந்துவிட்டது சின்னு. இனி இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது என்று உள்ளே கிளம்பினேன். அவருக்கு வலது பக்கமாக, தோளை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகும்போது, "போனாத்தான் என் அருமை தெரியும்" என்று வாய்க்குள் முணுமுணுத்தேன், அவ்வளவுதான். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க போற?" என்று பதறிப்போய்க் கேட்டார். வாய்விட்டுச் சொன்னது விழாத காதில் முணுமுணுத்தது எப்படி விழுந்தது என்று திகைத்து நின்றுவிட்டேன்.

அப்புறம்தான் சொன்னார். இடது காது போய்ப் பத்து வருடம் ஆகிறதாம். எஞ்சின் அந்தப் பக்கம்தானே, நாளெல்லாம் அந்த இரைச்சல். "டிப்போ டாக்டருக்குத் தெரிஞ்சா வண்டியை விட்டு இறக்கிடுவாங்கன்னு மறைச்சேன், உன்கிட்ட சொன்னா ஒரு மணி நேரத்துல தெருவுக்கே தெரிஞ்சிடும்னு உன்கிட்டயும் சொல்லலை, ரிட்டையரான பிறகு இத்தனை நாள் மறைச்சதைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு" என்றார். என் வாய் அப்படித்தான், அதை நான் மறுக்க முடியாது. ஆனால் யோசித்துப் பார், சாப்பிடும்போது அடுப்படி அந்தப் பக்கம் என்று நான் அவருக்கு இடது பக்கம், கட்டிலில் இடது பக்கம், டிவி பார்க்கும்போதும் இடது பக்கம். பத்து வருடமாக நான் பேசியதெல்லாம் எங்கே போயிற்று! "வீட்டுக்குள்ள எல்லாருக்கும் இடம் பழகிப்போச்சு, மாத்தினா ஏன்னு கேப்ப. புதுசா ஒரு இடம் பண்ணினா அங்கயாவது நீ பேசுறது என் காதுல விழட்டும்னுதான் இவ்வளவும் பண்ணேன், ஊசியைக் கையில எடுத்துட்டா நீ எங்க பேசுவ" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அழுதேன். அழுது முடித்ததும் வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்து பத்து வருடத்துத் திட்டையும் ஒரே மூச்சில் திட்டினேன். ஒன்று விடாமல் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்!

இப்போது வலையை இரண்டு முழம் இழுத்துக் கட்டி என் பக்கத்துக்கும் நிழல் வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு போனால் இருட்டும்வரை அங்கேதான். எந்த மலைப்பாதையில் பிரேக் பிடிக்கவில்லை, எந்தக் கண்டக்டர் தூங்கி வழிந்து எந்த நிறுத்தத்தில் விசிலடிக்க மறந்தார் என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார், போதும் வாயை மூடுங்க என்று நான் கெஞ்சுகிற நிலைமை. அடுத்த வாரம் காது டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், முரண்டு பிடிக்கிறார், நான் விடப்போவதில்லை. நீயும் நாள் முழுக்கக் காதில் எதையோ செருகிக்கொண்டு திரிகிறாய், குறைத்துக்கொள். டிக்கெட் இப்போது வேண்டாம் கண்ணு. நீலப் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டேன். வந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் வருவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ அங்கே கிளம்பிய அன்று காரில் நான் முன்னால், நீயும் அவரும் பின்னால், நீ அவருக்கு இடது பக்கம். "நான் போறது உங்களுக்குப் பிடிக்கலையாப்பா" என்று நீ கேட்டதும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நீ வழியெல்லாம் பேசவில்லை. இந்த ஆறு வருடமும் போனில் அவரிடம் சாப்பிட்டீங்களா என்பதோடு நிறுத்திக்கொள்கிறாய், ஏன் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. நேற்று அதை அவரிடம் சொன்னேன். "கேட்டாளா? என்கிட்டயா?" என்று மூன்று தடவை கேட்டார். கண் நிறைந்துவிட்டது. அது காதில் விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றேன், "அதை உன்கிட்ட எதுக்குச் சொல்லணும், கேட்டவகிட்டதான் சொல்வேன்" என்று எழுந்து போய்விட்டார்.

நோய் நொடி இல்லாமல், எடுத்த காரியமெல்லாம் கைகூடி, மனநிறைவோடு நீண்ட நாள் இரு, எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, போனை அவர்தான் எடுப்பார், அதே கேள்வியை மறுபடி கேள். இன்று காலை முகம் கழுவிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைக் கண்டதும் சவரம் செய்வதுபோல் தாடையைத் தடவினார்.

எந்நேரமும் உன் நினைப்பாக இருக்கும்,
அம்மா