வளைந்து தெரிந்த பந்தற்கால்

ஐப்பசி 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். சஷ்டி விரதம் தொடக்கம். நீராடல், திருநீறு, பதிகம் இரண்டு. பால் மட்டும்.

வாங்க வேண்டியவை: கற்பூரம், நல்லெண்ணெய், செண்பகத்தின் மணிக்கட்டுக்குத் தைலம்.

முறிந்த மணிக்கட்டு கூடிய பின், மனையாளின் விரல்களுக்குப் பயிற்சியாகட்டும் என்று மகள் செல்வி ஒரு கையடக்க விளையாட்டுக் கருவி கொடுத்தாள். மதுரையில் செவிலியாக இருப்பவள். அவள் சொன்னால் மறுக்க இயலாது. ஆடியிலிருந்து செண்பகம் அதை விட்டு அகல்வதில்லை. விரல்கள் நன்றாக மடங்குகின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு தோட்டம். உழலாம், விதைக்கலாம், சந்தையில் விற்கலாம். சின்னமனூரில் இருந்துகொண்டு தோட்டத்தைக் கண்ணாடிக்குள் தேடுவானேன் என்று கேட்டேன்.

"இங்கன குறை சொல்ல ஆளில்லைங்க."

இன்று கருவியைத் தூக்கி வைத்துவிட்டாள். "கலங்கலா இருக்கு. பந்தக்காலெல்லாம் நெளியுது. எழுத்து ஒன்னுகூடத் தெரியல. போதும்."

வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையை விடச் சற்றே பெரிய திரை. திராட்சைப் பந்தல், எறும்பளவு எழுத்து. எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. இருவருக்கும் கண்புரை நீக்கியாயிற்று. நலம் என்று மருத்துவர் சொல்லியும் ஆயிற்று. ஆகவே குறை கருவியினுடையது.

பயிற்சி நின்றால் கை மறுபடி கட்டையாகிவிடுமாம். பெரிய திரையில் காட்டுவதெனத் தீர்மானம்.

ஐப்பசி 5, புதன்

வெயில். கருவியை அதன் தாங்கியில் வைத்துத் தொலைக்காட்சியோடு இணைத்தேன். ஏதேதோ பொத்தான்கள். படம் வந்தது. பெரிதாயிற்றே தவிரத் தெளியவில்லை. பந்தற்கால்கள் படிக்கட்டுப் போலப் பல்பல்லாக நின்றன.

"சொன்னேன்ல?" அவள் குரலில் ஒரு நிம்மதி. ஏன் நிம்மதி?

மாலை ஓதலில் ஓரடி தவறினேன். நூலைக் கையில் பிடித்திருந்த செண்பகம் உடனே எடுத்துக் கொடுத்தாள். வெட்கம்.

ஐப்பசி 7, வெள்ளி

தேனி. மழை, சேறு. குடையைப் பேருந்திலேயே விட்டேன்.

நம் தொலைக்காட்சியை மாட்டிக் கொடுத்த பால்பாண்டியின் கடை. கருவியை மேசைமேல் வைத்தேன்.

"பேரனுக்காய்யா?"

"இல்லை. என் மனைவிக்கு."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் தேநீரைக் கீழே வைத்தார்.

இதைவிட நுண்ணிய படத்தை இக்கருவி வெளியே தருமா என்று கேட்டேன்.

"ஒங்க டிவி ஃபோர்கே டிவிய்யா, ரெண்டாயிரத்துச் சொச்சம் கோடு காட்டும். கேம்தான் அம்புட்டுத் தராது. கையில வச்சு ஆடுனா எழுநூத்து இருபது கோடு, டிவியில போட்டா ஆயிரத்து எம்பது. அதோட உச்சமே அம்புட்டுத்தான்."

"அதற்குமேல்?"

"தலகீழா நின்னாலும் வராது. ஆனா திரை முழுசுந்தான் படம் வரும். கொறையிற புள்ளிய டிவி தானா நிரப்பிக்கிரும்."

"எதைக் கொண்டு நிரப்பும்?"

"பக்கத்துப் புள்ளியப் பாத்து, நடுவுல இதுதான் இருந்துருக்கும்னு ஒரு உத்தேசம்."

அதிர்ந்துபோனேன். மூலத்தில் இல்லாத அடியைத் தன் உத்தேசத்தால் ஏட்டில் எழுதி நிரப்புவதற்கு இடைச்செருகல் என்று பெயர். எத்தனை சபையில் அதைக் கண்டித்துப் பேசியிருக்கிறேன்! வீட்டுக் கூடத்தில், விபூதித் தட்டுக்கு எதிரே, ஒரு பெட்டி அதையே நாள்தோறும் செய்துகொண்டிருந்திருக்கிறது.

"பார்ப்பவருக்கு இது தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சா என்னய்யா? நல்லாத் தெரியுதுன்னுதானே வாங்கிட்டுப் போறாக."

நாளை நேரில் வருவதாகச் சொன்னான். இரவு வரை மனம் ஆறவில்லை. ஓதும்போதும் புள்ளிகள்.

ஐப்பசி 8, சனி

மேகமூட்டம். கா. 10 மணிக்குப் பால்பாண்டி.

"நானூத்து எம்பதுல கெடக்கு! யாரு அமுக்குனது?"

"நானில்லை" என்று இருவரும் ஒரே மூச்சில். (நானாகத்தான் இருக்க வேண்டும்.)

மாற்றினான். ஒரு கணம் இருள். பிறகு தோட்டம்.

என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். இலைதோறும் நரம்பு. பழத்தின் மேல் வெண்படலம். தூக்குநூல் பிடித்து நட்டதுபோல நேராகப் பந்தற்கால் வரிசை. இத்தனையும் இவள் ஒருத்தி உண்டாக்கியதா! கம்பம் பள்ளத்தாக்கையே இரண்டு விரலால் கட்டி வைத்திருக்கிறாள்.

மூலையில் ஒரு குதிரை. அதன் தலைமேல் ஆங்கிலத்தில் ஒரு பெயர். எழுத்தெழுத்தாக வாசித்தேன். சொக்கலிங்கம்.

என் பெயர். மணமான நாள் முதல் அவள் வாயில் வராத பெயர். கோயில் அர்ச்சனைக்குக் கூட என் முகத்தைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள் என்பாள்.

"வாயாலயா சொன்னேன்? தட்டித்தானே வச்சேன்," என்றாள்.

"குதிரைக்கா?"

"சொன்ன தெசைக்குப் போகாது. ஆனா நம்மள விட்டுட்டும் போகாது."

பால்பாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினான்.

இனிமேல் குறையில்லையே என்றேன். திரையருகே போனாள், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"அப்படியேதாங்க நெளியுது."

"ஆத்தா, இதுக்கு மேல இதுல ஒரு கோடு கூட இல்ல."

"கோவிச்சுக்காதப்பா. எங்க வீட்டுக் கதவு நெலை கூடத்தான் நெளியுது. அதுக்கும் ஒன்னையவா கூப்புட முடியும்?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலையைப் பார்த்தேன். தேக்கு. நேராக நிற்கிறது.

எப்போதிலிருந்து?

"ஆடியிலருந்து இருக்கும். வீடு பழசாயிருச்சுன்னு நெனச்சேன்."

பால்பாண்டி ஓசையில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

செல்வியைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒரு கண்ணை மூடிச் சன்னல் கம்பியைப் பார்க்கச் சொன்னாள். வலக்கண்ணில் நடுவே ஒரு கறை, கம்பியே இல்லை. அது முன்பே அப்படித்தானாம். இடக்கண்ணில் கம்பி பாம்புபோல் நெளிந்து நடுவில் கலங்கி மறைகிறது.

"அப்பா, இது பொரை இல்ல. விழித்திரை. எடது கண்ண இப்பப் பாத்தா ஊசி போட்டுத் தக்க வைக்கலாம். திங்கக்கெழம காலைல இங்கன இருக்கணும். அம்மா சாக்குச் சொல்லும், கேக்காதீங்க."

கருவியைத்தான் குற்றம் சொன்னேன். அவளும் அதையே சொன்னாள். புதனன்று அவள் குரலில் கேட்ட நிம்மதி இன்றுதான் விளங்குகிறது.

ஐப்பசி 9, ஞாயிறு

மழை. சூரசம்ஹாரம். வேல் வாங்கும் நேரத்தில் நான் வீட்டில்.

ஓதல் நூலை அவள் கையில் கொடுத்து, எந்தப் பக்கமாவது வாசி என்றேன். தடையின்றிப் பாடினாள். நூல் வேறு பக்கத்தில் திறந்திருந்தது.

"அது சும்மா கையில இருக்குமுங்க. நீங்க பாடிப் பாடித்தான் எனக்கு மனப்பாடம்."

கேட்கக் கூடாதென்று இருந்தேன். கேட்டுவிட்டேன். என் முகம்?

"காது தெரியுது. தோள்ல துண்டு தெரியுது. நடுவுலதான் ஒன்னும் இல்ல."

தோளில் துண்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன்.

"ஏன் அப்படி நிக்கிறீக? மிச்சத்த நானா வச்சுக்கிருவேன். இம்புட்டு வருசமாப் பாத்த மூஞ்சிதானே."

ஐப்பசி 10, திங்கள்

இருட்டோடு கிளம்பினோம். மதுரைப் பேருந்து. திருக்கல்யாணம் பாராத முதல் ஆண்டு. முருகன் அறிவான்.

எடுத்தவை: பழைய மருந்துச் சீட்டு, கண்ணாடி, இட்லி, கருவி. கருவி அவள் பிடிவாதம். தோட்டத்துக்கு ஆறு நாளாகத் தண்ணீர் இல்லையாம்.

ஆண்டிபட்டி. பேருந்து நிற்கிறது, அதனால் எழுத முடிகிறது. கருவி என் மடியில். "மேல இருக்குற பொத்தானுங்க. அங்கன இல்ல, வலப்பக்கம். மொதல்ல குதிரைக்குத் தீனி வைங்க."

எது குதிரை என்று தெரியாததுபோல் கேட்டேன்.

அவள் என் காதருகே குனிந்து பெயரைச் சொன்னாள்.