ரதோவானைக் கொடுத்து இருவர்

அன்புள்ள அப்பாவுக்கு, கனடாவிலிருந்து ஸுசானா. முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

அப்பா, என் பேச்சு எடுபட்டுவிட்டது! நான் ஆலோசகராக வேலை பார்க்கும் ஐஸ் ஹாக்கி அணி கடைசி இடத்தில் கிடப்பது உங்களுக்குத் தெரியும். நேற்று, ஆட்டக்காரர்களை மற்ற அணிகளோடு மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். கோல் போடும் நட்சத்திரம் ஒருவரை வாங்கலாம் என்று எல்லோரும் குதித்தார்கள்.

"ஓட்டைப் பானைக்குத் தங்க மூடி எதுக்கு?" என்றேன். "வயசானவங்களைக் கொடுத்துட்டுச் சின்னப் பசங்களை எடுங்க. மூணு வருஷத்துல கோப்பை நம்மளுது!"

"ரசிகர்கள் நம்மளைக் கிழிச்சுத் தொங்கவிடுவாங்க. சரி, முதல்ல யாரு?" என்றார் மேலாளர் டக்ளஸ்.

தடுப்பாட்டக்காரர் ரதோவானைச் சொன்னேன். முப்பத்து நான்கு வயதிலும் அவருக்கு நல்ல கிராக்கி. ஒரு மணி நேரத்தில் அவருக்குப் பதிலாகப் பத்தொன்பது வயதுப் புயல்கள் இரண்டு கிடைத்தன!

மாற்றப்பட்டவர் உடனே புது அணிக்குப் போய்விடுவதுதான் இங்கே வழக்கம்; ரதோவானும் அன்றே மட்டைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். "என்னைத் தள்ளிவிட்டு ரெண்டு சுண்டெலியைப் பிடிச்சிருக்கியே, கெட்டிக்காரிதான்டி!" என்று நம் ஸ்லோவாக் மொழியில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். தினமும் என்னைக் காரில் கூட்டிப் போனவர் ரதோவான்தான், இனி நடை. புதுப் பையன்கள் பனித்தளத்தில் இறங்குகிறார்கள், ஓடுகிறேன்!

ஞாயிறுதோறும் போன் செய்யுங்கள் அப்பா. இந்த ஊரில் என்னை நம் மொழியில் திட்ட இருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஸுசானா