நிஜமாக வாசிக்கிறவர்கள்

மார்ச் 3, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் கால்களைத் தவிர. அவை ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கின்றன. நேற்று பெஞ்சுக்கு அடியில் தாளம் போட்டேன் என்று அறிவியல் டீச்சர், "உனக்குள்ள என்ன மோட்டாரா ஓடுது?" என்று கேட்க, வகுப்பே சிரித்தது.

நாம் பட்டியல் போடும் நோட்டில், நிஜமாகவே டிரம்ஸ் வாசிக்கும் நடிகர்கள் இப்போது பதினாறு பேர். புதிதாகச் சேர்ந்தவர், எல்லாப் படத்திலும் ஆளைத் தூக்கி எறிவாரே, அந்த வில்லன். நீ சொல்லிக்கொடுத்தபடி டி.வி. சத்தத்தை அணைத்துவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தேன். நிஜமாக வாசிக்கிறவர் குச்சியை லேசாகப் பிடிப்பார், அது தானே துள்ளும். சும்மா நடிக்கிறவர் சுத்தியலைப் போல இறுக்கிப் பிடிப்பார் என்பாயே. வில்லன் தேறிவிட்டார்! ஆனால் எனக்கு அவரைவிடப் பிடித்தவர், எப்போதும் அக்கா வேஷத்திலேயே வரும் அந்த நடிகை. டி.வி.யில் காட்டிய விழா மேடையில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். வாசிக்கும்போது முகத்தில் நடிப்பே இல்லை. மனக்கணக்குப் போடுகிறவர் முகம். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

"ஒருத்தனுக்கு ரெண்டு வேலை சரிப்படாது" என்று வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்பும்போது சொன்னாய். பதினாறு பேருக்குச் சரிப்படுகிறதே?

முக்கியமானதைப் பயத்தில் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். உன் டிரம் செட்டை அப்பா விற்கப்போகிறார். அம்மாவின் தையல் மெஷின்களுக்கு அது இருக்கும் அறை வேண்டுமாம். ஏப்ரல் பத்தாம் தேதி ஆள் வந்து எடுத்துப்போவார். "வேணாம்னு அவன் ஒரு வரி எழுதட்டும், நான் தொடல" என்கிறார் அப்பா. ஒரே ஒரு வரி, அண்ணா.

உன் அன்புத் தங்கை,
அகராதி


மார்ச் 13, புதன்

அன்பு அகராதிக்கு,

எழுத்து கோழி கிண்டியதுபோல் இருந்தால் திட்டாதே. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். கிடங்கில் வேலை அதிகம். சாமான் கட்டி அனுப்பி மாளவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து வாசிக்கிறேன். நம்பமாட்டாய் என்றுதான் நான் வாசிக்கும் போட்டோவை உறையில் வைத்திருக்கிறேன்.

இங்கேயே நல்ல செட் இருக்கும்போது அது எதற்கு? அப்பா விற்கட்டும். நீ பரீட்சைக்குப் படி.

அண்ணன்


மார்ச் 22, வெள்ளி

அண்ணாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம் ஆறியதும் சேர்த்துக்கொள்.

போட்டோவை அம்மா ஹாலில் மாட்டிவிட்டார். அப்பா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டே காட்டினார். நான் மட்டும் அதை எடுத்துப்போய் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். போட்டோவில் சத்தமே கிடையாது. அணைக்க வேண்டிய வேலைகூட இல்லை. அண்ணா, நீ வலது கைக் குச்சியைச் சுத்தியலைப் போலப் பிடித்திருக்கிறாய்.

அப்புறம், பஸ் குலுங்கினால் எழுத்து எல்லாப் பக்கமும் ஆடும். உன் எழுத்து எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அது இடது கை எழுத்து.

எந்தெந்த நடிகர் டிரம்ஸ் வாசிக்கிறார் என்று இரண்டு வருடமாகத் தேடித் தேடி எழுதினேன். ஒரு டிரம்மர் நடிப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நானும் ஒன்றை மறைத்தேன். பள்ளி விட்டு வந்ததும் உன் செட்டின் மேல் துண்டுகளைப் போர்த்தி வாசிக்கிறேன். ஏழு மாதமாக. "அங்க என்ன துணி தொவைக்கிறியா?" என்று அம்மா கேட்டால் ஆமாம் என்பேன். உனக்காகத்தான் விற்கக்கூடாது என்று எழுதினேன். பாதி பொய். எனக்காகவும்தான்.

உன் கைக்கு என்ன ஆயிற்று? வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் எழுது. இரவில் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

அகராதி


ஏப்ரல் 2, செவ்வாய்

அன்புள்ள அகராதி,

உன்னிடம் மாட்டாமல் இருக்க முடியுமா!

டிசம்பரில் ஒரு பெட்டி சரிந்து கைமேல் விழுந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. கரண்டி பிடிக்கலாம், அட்டைப்பெட்டி கட்டலாம், வேலை போகவில்லை. பேனாவும் குச்சியும்தான் நழுவுகின்றன; போட்டோவில் நழுவாமல் இருக்கத்தான் இறுக்கிப் பிடித்தேன். போட்டோவில் இருக்கும் செட் நண்பனுடையது. போட்டோவுக்காக ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். எழுந்ததும் அவன், "ஒரு பாட்டாவது வாசிடா" என்றான். பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு என் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

என் செட் அங்கே எனக்காகக் காத்திருக்கிறது என்று நினைத்தாலே நிலைகொள்ளவில்லை. அதனால்தான் விற்கச் சொன்னேன். நீ வாசிப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கை விஷயத்தை அப்பாவுக்கும் எழுதி இதே உறையில் வைத்திருக்கிறேன். அவர் படிக்கும்போது அம்மா பக்கத்திலேயே இரு. செட்டைப் பற்றி அவருக்கு ஒரே வரிதான்: "அது இப்ப என்னுது இல்ல, அவளக் கேளுங்க." மெஷின்கள் ஹாலில் இருக்கட்டும், அம்மாவும் டி.வி. பார்த்தபடி தைக்கலாம்.

துண்டுகளை எடுத்துவிடு. துணி வைத்து வாசித்தால் குச்சி எங்கே துள்ளும்? அந்த நடிகையைப் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்.

இன்னொன்று. இருக்கை என் உயரத்துக்கு இருக்கிறது. உனக்குக் கால் பெடலுக்குச் சரியாக எட்டாது. அடியில் ஒரு திருகு இருக்கும். தளர்த்தி, நான்கு விரல்கடை இறக்கிக்கொள். நான் ஊருக்கு வந்தாலும் அதை ஏற்றி வைக்காதே.

அண்ணன்