நாலு வீலும் இழுக்குற வண்டி

ஏங்க,

நைட் ஷிப்ட் முடிச்சுட்டு அசந்து தூங்குறீங்க, அதான் எழுப்பலை. சோறு குக்கர்ல இருக்கு, ரசத்தை மட்டும் சுட வெச்சுக்கோங்க. ஸ்கூட்டி சாவி என்கிட்ட இருக்கு, தேடாதீங்க.

அதியமான்கோட்டைக்குப் போறேன், அந்தப் பழைய காரைப் பார்க்க. ஆமா, நாலு வீலும் இழுக்குற அதே வண்டிதான். "தார் ரோட்டை விட்டு நாம எங்க எறங்கப் போறோம்? முன்வீல் ரெண்டும் இழுத்தாப் பத்தாதா, மைலேஜாவது கிடைக்கும்"னு நேத்து கத்துனீங்க. நியாயந்தான். பாப்பாரப்பட்டி தாண்டி எங்கம்மா வூட்டுக்கு ஏறுற களிமண் மேடு ஒண்ணைத் தவிர, நமக்கு எல்லாமே தார் ரோடுதான்.

என் தம்பிகூட சண்டை போட்டதுல இருந்து ரெண்டு வருஷமா அங்க வரமாட்டேங்குறீங்க. கேட்டா, "அந்தச் சேத்துல வண்டி வழுக்கும்"ங்குறீங்க. போன தீபாவளிக்கும் நான் மட்டும் பஸ்ல போனேன்.

அதனால மெக்கானிக் பச்சியப்பன் அண்ணனைக் கூட்டிட்டு, இன்னைக்கு அந்த மேட்டுலயே வண்டியை ஓட்டிப் பார்க்கப் போறேன். ராத்திரி நல்ல மழை, சேறும் தயாரா இருக்கும். ஏறுச்சுன்னா அட்வான்ஸ் குடுத்துடுவேன். வழுக்குச்சுன்னா நீங்க சொன்ன வண்டியையே வாங்கிக்கலாம், நான் வாயே திறக்க மாட்டேன்.

யுவராணி

அப்பளம் சிவப்பு டப்பால இருக்கு.

இன்னொண்ணு. தம்பிக்குப் போன் பண்ணிட்டேன். வண்டி ஏறுச்சுன்னா ஞாயித்துக்கிழமை உங்களுக்கும் சேத்துக் கோழி அடிக்கச் சொல்லியிருக்கேன். "மாமா நெசமா வருவாரா?"ன்னு கேட்டான். சேறு மட்டுந்தான் தடைன்னு சொல்லி வெச்சிருக்கேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதீங்க.