நாலு பெட்டியும் கேட்ட ஆட்டம்

மேடம்,

இன்று வெள்ளிக்கிழமை. கிணற்றுக்குத் துளைபோடும் என் போர் லாரிக்குச் சூடம் காட்டித் தேங்காயை ஓங்கினேன். கை வழக்கம்போல் கொட்டகையின் பின்பக்கம் பார்த்து நின்றுவிட்டது. நீங்கள் நிலநடுக்கக் கருவியைப் புதைத்த குழி அங்கேதான் இருந்தது. குழியை எப்போதோ மூடியாயிற்று. நீங்களும் கண்ணை மூடிவிட்டீர்கள் என்று போன மாதம் உங்கள் டிரைவர் போனில் சொன்னார்.

பாகூர்ப் பக்கம் பூமி அடிக்கடி சிலிர்த்த அந்த நாட்களில் ஊரே என் லாரியை மறித்தது. "நீ ஓட்ட போட்டுப் போட்டுத்தான்டா பூமி ஆடுது. இனிமே போர் போட்டே, லாரிய கொளுத்திடுவோம்" என்றான் என் பங்காளி. எனக்கு வேறு தொழில் தெரியாது. என் அறிவைத் தாங்க முடியாமல் எட்டாவதிலேயே பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவைத்துவிட்டது.

அப்போதுதான் நாலு ஊர்களில் நாலு கருவிப் பெட்டி புதைக்க வந்தீர்கள். ஆட்டம் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். பாகூர் ஏரி எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்ததைச் சொன்னேன்.

"ஏரி இருக்கட்டும்ண்ணா. வூட்ல பாத்திரம் ஆடுச்சா?"

ஆடியது. லேசாக.

உங்கள் பெட்டிக்கு மரியாதை குறையக்கூடாதென்று வெள்ளிதோறும் பொட்டு வைத்து, குழியின் மூடிமேலேயே தேங்காய் உடைத்தேன். ஒருநாள் லேப்டாப்போடு ஓடி வந்தீர்கள். "இன்னாண்ணா, உங்க கொட்டகைக்கு மட்டும் வெள்ளிக்கிழமையானா பூகம்பம் வருது?" விஷயத்தைச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். சட்டென்று நிறுத்தி, "இதையே ஊருக்குக் காட்டலாம்ண்ணா" என்றீர்கள்.

எல்லாரும் பார்க்க என் லாரியைத் துளைபோட வைத்தீர்கள். லேப்டாப்பில் பக்கத்துப் பெட்டியின் கோடு மட்டும் துள்ளியது. மற்ற மூன்றும் அசையவில்லை. நிஜமான ஆட்டங்களையோ நாலு பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டிருந்தன. எது முந்தி, எது பிந்தி என்று கணக்குப் போட்டு நீங்கள் வரைபடத்தில் வைத்த புள்ளிகள், கரையாம்புத்தூர்ப் பக்கமாக ஒரே கோட்டில் நின்றன.

"கீழ பாறை பொளந்திருக்கு. அந்தப் பொளவு இன்னும் நகருது. இவரு போர் எட்டுற ஆழமில்ல, கிலோமீட்டர் கணக்குல கீழ" என்று ஊருக்குச் சொன்னீர்கள்.

"அவ்ளோ ஆழமாம்மா!" என்று வாய்பிளந்த பங்காளிதான் அடுத்த போருக்கே என்னைக் கூப்பிட்டான். அந்த லாரிதான் இன்றும் எங்களுக்குச் சோறு போடுகிறது.

அந்தப் பிளவைக் கண்டுபிடித்தது நானும் என் தேங்காயும்தான் என்று வில்லியனூர் வரை சொல்லி வைத்திருக்கிறேன். "ஏரி இருக்கட்டும்ண்ணா" என்பீர்கள், தெரியும். ஆனால் ஊர் பழிபோட எவனையாவது கைகாட்டினால் நான் ஒன்று கேட்கிறேன்: "மத்த மூணு பெட்டியும் கேட்டுச்சாடா?"

இப்போது அங்கே பெட்டி இல்லைதான்; ஆனாலும் அது அதிரக்கூடாதென்று ஓங்கிய கையை இறக்கி, தேங்காயை ரோட்டோரக் கல்லுக்குக் கொண்டுபோய் உடைத்தேன், மேடம்.