சீனிக்கு ஓர் இடம்

2009 மே 29, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது கொழும்பிலிருந்து கடிதம் வந்திருந்தது. சுனாமிக்கு அடுத்த வருடம் மகன் றிஷாட் எங்களுக்காகப் போட்ட ஸ்பொன்சர் இப்போதுதான் கைகூடியிருக்கிறது. எனக்கும் சல்மாவுக்கும் கனடா விசா. ஓகஸ்ட் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டுமாம்.

சல்மா கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். பேரப்பிள்ளையை அவள் படத்தில்தான் கண்டிருக்கிறாள். நானும் சந்தோஷப்பட்டேன். முப்பத்தொரு வருடம் தபாற் கந்தோரில் ஊராருடைய வெளிநாட்டுக் கடிதங்களுக்கு முத்திரை குத்தினவன், எனக்கென்று ஒன்று வந்ததும் அதன் முத்திரையைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன்.

காலடியில் மூன்று பூனைகளும் வந்து நின்றன. சாப்பாட்டு நேரம். இதுகளை என்ன செய்வது?

மே 31, ஞாயிறு

றிஷாட்டிடம் கேட்டேன். மாடிவீட்டில் பூனை வைக்க விடமாட்டார்களாம். "வாப்பா, ஒண்டையாவது கொண்டு வாற எண்டு நினைக்காதீங்க" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

கூழையன் — வால் அறுந்த கடுவன், ஒன்பது வயது. மரைக்கார் — பள்ளிவாசல் நிர்வாகி போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்காருவதால் சல்மா வைத்த பெயர்; அவனுக்கும் எட்டு இருக்கும். குட்டியென்றால் யாரும் கேட்டு வாங்குவார்கள். கிழட்டுப் பூனையை யார் எடுப்பார்?

மூன்றாவது சீனி. பதின்மூன்று வயது. இடது கண் பால் மூடிவிட்டது. அது உம்மாவின் பூனை. கடற்கரை வீதியில் நாங்கள் இருந்த வீடும் உம்மாவும் சுனாமியில் போனபின், நாலாம் நாள் பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறி இருந்து கத்தியது. நான்தான் ஏறி இறக்கினேன்.

ஜூன் 6, சனி

மரைக்காரைச் சந்தையடித் தேத்தண்ணிக் கடை மீராமுகைதீன் எடுத்துக்கொண்டான். மாமூட்டையை எலி அறுக்கிறதாம். "எலி புடிக்குமா?" என்றான். ஓம் என்றேன். அல்லாஹ் மன்னிப்பானாக. நான் கண்டதில்லை.

ஜூன் 9, செவ்வாய்

திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். "என்ன ஆளக் குடுத்தீங்க? ரொட்டி வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு மேல ஏறிப் படுக்குது. எலி அதுக்கு முன்னால போகுது. வாற ஆக்களெல்லாம் சிரிக்கிறாங்க."

சல்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கால் வலி வேறு.

ஜூன் 14, ஞாயிறு

பாண்டிருப்புக்குப் போனேன். இங்கிருந்து நடந்தே போகலாம். ஆனாலும் எத்தனை வருடம் போகாமல் இருந்துவிட்டேன்! பூபாலசிங்கம் என் கந்தோரில் தபால்காரராக இருபத்திரண்டு வருடம். ஒவ்வொரு முறை தமிழர், முஸ்லிம் என்று ஊர் குழம்பும்போதும் அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பிறகு இரண்டு பேரும் பென்ஷன் எடுத்தோம். பார்க்காமலே இருக்கப் பழகிவிட்டோம். சண்டை முடிந்து இன்னும் ஒரு மாதமாகவில்லை. அவருடைய அக்காவின் மகன் வன்னியில் இருந்தவன். இப்போது எந்த முகாமில் என்று தெரியாதாம். இதற்குள் நான் பூனைக் கதையோடு போய் நிற்கிறேன். வெட்கமாக இருந்தது.

"என்ன சேர், பாதை மறந்து வந்தீங்களா?" என்றார் வாசலில் நின்று. மயிர் முழுக்க வெளுத்துவிட்டது.

அவர் மனைவி சின்னத்தங்கம் தேத்தண்ணி தந்தா. விஷயத்தைச் சொன்னேன். பூபாலசிங்கம் சொன்னார்: "இப்ப ஊட்டுல கதைக்க ஆளில்ல சேர். கொண்டு வாங்க. எங்களுக்கு அவிக்கிற மீனுல ரெண்டும் திண்ணட்டும்."

கூழையனும் மரைக்காரும் போகிறார்கள். சீனியைச் சொன்னதும் சின்னத்தங்கம் தயங்கினா. வீட்டில் நாய் இருக்கிறது. கண் தெரியாத பூனை தப்பாது. நியாயம்தான்.

எழும்பும்போது பூபாலசிங்கம் மெதுவாகக் கேட்டார்: "அது உங்கட உம்மாட பூனை எல்லோ? தங்கச்சிட்டக் கேட்டீங்களா?"

தொழுகைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

ஜூன் 15, திங்கள்

சபியா. என் ஒரே தங்கச்சி. இறக்காமத்தில் ஜவுபரைக் கட்டி இருபத்தாறு வருடம். வயற்காரன், நல்ல மனிதன். அவள் என்னோடு கதைத்து நாலரை வருடம்.

சுனாமியன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவின் மையித்தைக் கண்டெடுத்தோம். அன்றைக்கே அடக்கிவிட்டேன். பாதையெல்லாம் உடைந்து கிடந்தது. சபியா வந்து சேர மறுநாள் காலை ஆகிவிட்டது. பள்ளியால் உடனே அடக்கச் சொன்னார்கள் என்றேன். மையவாடி மதிலுக்கு வெளியே நின்று, "உம்மாட முகத்த எனக்குக் காட்டல்லியே காக்கா" என்றாள். அவள் என்னைக் காக்கா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

அவளிடம் போய்ப் பூனை எடுக்கிறாயா என்று எந்த வாயால் கேட்பது?

ஜூன் 20, சனி

இருவரையும் பாண்டிருப்பில் விட்டேன். மரைக்கார் இறங்கியதும் சின்னத்தங்கத்தின் பாயில் போய்ப் படுத்தான். கூழையன் வேலிவரை என் பின்னால் வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 30, செவ்வாய்

மிருக வைத்தியரிடம் சீனியைக் காட்டினேன். சிறுநீரகம் பழுதாம். அதனால்தான் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, பாயெல்லாம் நனைக்கிறது. கன காலம் இராது என்றார். "நீங்க போறதுக்கு முதல் ஒரு ஊசி போட்டுரலாம். வேதன தெரியாது. யோசிச்சிச் சொல்லுங்க."

ஏழு வீட்டில் கேட்டாகிவிட்டது. ஒருவர் உம்மாவை நினைத்து ஓம் என்றார். சீனியைக் கண்டதும் பேச்சை மாற்றினார்.

ஜூலை 7, செவ்வாய்

அலுமாரி, கட்டில் எல்லாம் ஆளுக்காள் கொடுத்தாகிறது. சல்மா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இஞ்சேருங்க, ஊசி போட்டா அதுவும் வேதனப்படாது. நீங்களும் நிம்மதியாப் போகலாம்." அவள் கல்நெஞ்சுக்காரி அல்ல. அவளுக்கும் களைப்பு.

வைத்தியரிடம் நாள் வாங்கிவிட்டேன். பதின்மூன்றாம் தேதி, திங்கள்.

ஜூலை 11, சனி

சீனி இன்று, இடிபாட்டில் கிடைத்த உம்மாவின் பழைய தொழுகைப் பாயில் பெய்துவிட்டது. அடிக்கக் கை ஓங்கினேன். கண் தெரியாத பக்கம் நின்றதால் அதற்குத் தெரியவில்லை; கைக்குக் கீழே வந்து தலையைத் தேய்த்தது.

என்னால ஏலா. ஏலவே ஏலா. நாளைக்கு இறக்காமம் போறன். திட்டினா திட்டட்டும்.

ஜூலை 12, ஞாயிறு

பிரம்புக் கூடையில் சீனியை வைத்துச் சேலையால் மூடிக் கட்டி, இரண்டு பஸ் மாறிப் போனேன். சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். கூடையைத் திறக்கச் சொன்ன சிப்பாய் உள்ளே பார்த்து, "பூஸா!" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துவிட்டான். சீனி அந்த நேரம் பார்த்து நான் உடுத்தியிருந்த சாரத்தில் ஒழுகவிட்டது.

வயல் கதிர் தள்ளி நின்றது. ஜவுபர் யானைக் காவலுக்குப் போய் விடிய வந்து, கண் சிவந்து படுத்திருந்தார். என்னைக் கண்டதும் துள்ளி எழும்பி, "வாங்க மச்சான், வாங்க" என்றார். உள்ளே சட்டி வைக்கிற சத்தம் நின்றது.

சபியா வெளியே வரவில்லை. கதவுச் சேலைக்குப் பின்னால் நின்றுதான் கேட்டாள்.

"பூனைக்காகவா வந்தீங்க?"

"ஓம்."

"உம்மாட முகத்தக் காட்ட ஒரு ராப்பொழுது பொறுக்கல்ல. பூனைக்கு இவ்வளவு தூரம் வர ஏலுது."

ஜவுபர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சொல்லக்கூடாது என்றுதான் நாலரை வருடம் வைத்திருந்தேன். வாயில் வந்துவிட்டது.

"பள்ளியால ஒண்டும் சொல்லல்ல சபியா. முடிவெடுத்த நான்தான். உம்மாவக் கால் தழும்பாலதான் அடையாளம் கண்ட. முகம் எண்டு சொல்ல ஒண்டும் மிஞ்சல்ல புள்ள. நீ அதப் பாக்கப்படா எண்டு அவசரப்பட்டுட்டன்."

கதவுச் சேலையின் ஓரத்தை உள்ளிருந்து இழுத்துப் பிடித்தாள். பிறகு, "ஏன் சொல்லல்ல?" என்றாள்.

"நீ என்னோட கோவமா இரி. உம்மாட முகம் உனக்கு நல்லபடியா இரிக்கட்டும் எண்டு."

அவள் அழுதாளா, தெரியாது. சேலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மெலிந்துவிட்டாள். நெற்றி அப்படியே உம்மா. என்னைப் பார்க்காமல் குனிந்து கூடையை அவிழ்த்தாள்.

"நாறுது," என்றாள். "மூத்திரத்துலதான் இவ்வளவு தூரம் வந்திரிக்கி."

ஈரத்துணியால் சீனியின் காலைத் துடைத்தாள். ஒரு கால் துடைத்து, மறு காலுக்கு வந்து, அப்படியே துணியை வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு கேட்டாள்:

"மீன அவிச்சா குடுக்கிற, பச்சையாவா?"

"அவிச்சி. முள்ளெடுத்து."

வரும் வழியெல்லாம் கூடை வெறுமையாக மடியில் கிடந்தது. எந்த முகத்தை அவளுக்குக் காட்டக்கூடாது என்று நினைத்தேனோ, அதை இன்று என் வாயாலேயே கொடுத்துவிட்டு வந்தேனே. சரியா? பிழையா?

ஜூலை 13, திங்கள்

வைத்தியரிடம் போய் வேண்டாம் என்றேன். "நல்லது" என்றார்.

ஓகஸ்ட் 18, செவ்வாய்

நாளை வேனில் கொழும்புக்கு. வழியனுப்ப ஜவுபர் மட்டும் புது அரிசியோடு வந்தார். சபியா வரவில்லை. "சீனிய உட்டுட்டு வர ஏலாதாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். என் கனடா டெலிபோன் நம்பரை மட்டும் கடதாசியில் எழுதித் தரச் சொன்னாளாம்.

செப்டெம்பர் 8, செவ்வாய் — டொரொன்டோ

நோன்பு. பள்ளி தூரம், வீட்டில்தான் தொழுகிறேன். சல்மா பேரனோடு சந்தோஷமாக இருக்கிறாள். எனக்கு நாள் போகவில்லை.

ஒக்டோபர் 2, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கு ஒரு மிஸ்ட் கோல். இறக்காமத்து நம்பர். டெலிபோன் காட் போட்டுத் திரும்ப எடுத்தேன். அங்கே மஃரிப் தொழுகை முடிந்த நேரம்.

"சீனி இண்டைக்கு ஒரு முழு மீன் திண்டிச்சி. அதச் சொல்லத்தான் அடிச்ச," என்றாள் சபியா. அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

ஒக்டோபர் 30, வெள்ளி

ஒவ்வொரு வெள்ளியும் அடிக்கிறாள். சீனிதான் கதை. பிறகு கொஞ்சம் மழை, கொஞ்சம் வயல். போன கிழமை ஜவுபரின் இருமல். இன்று கால் மணி நேரம் கதைத்தோம். வைக்கும்போது, "குளிருக்குக் காதைக் கட்டுங்க காக்கா" என்றாள்.

டிசம்பர் 11, வெள்ளி

சீனி எலி பிடித்ததாம். பாயில் பெய்வதும் நின்றுவிட்டதாம். ஒரு கண் தெரியாத, வைத்தியர் கன காலம் இராது என்று சொன்ன பூனை. சந்தோஷம். ஆனாலும் — பூபாலசிங்கத்துக்கு எழுதினேன். முடிந்தால் இறக்காமம் ஒருதரம் போய்ப் பார்த்து எழுதுங்கள் என்று.

2010 ஜனவரி 12, செவ்வாய்

பூபாலசிங்கத்தின் கடிதம். அதே தபால்காரக் கையெழுத்து. அக்காவின் மகன் முகாமிலிருந்து வந்துவிட்டானாம். மரைக்கார் அவனோடுதான் படுக்கிறானாம். கூழையனும் சுகம்.

அடியில் எழுதியிருந்தார்: "இறக்காமம் போய் வந்தேன். தங்கச்சி வீட்டில் இல்லை. ஜவுபர் கிணற்றடியைக் காட்டினார். சீனி நவம்பர் ஒன்பதாம் தேதி செத்துப்போயிற்று. இரண்டு நாள் தங்கச்சியின் மடியிலேயே கிடந்ததாம். தங்கச்சி உங்களுக்குச் சொல்லிவிட்டதாகத்தான் அவர் நினைத்திருக்கிறார். நான் ஒன்றும் கதைக்காமல் வந்துவிட்டேன், சேர்."

நவம்பர் ஒன்பது. அதற்குப் பிறகு எத்தனை வெள்ளி! நனையாத பாய். எலி.

சல்மாவிடம் கடிதத்தைக் காட்டவில்லை.

ஜனவரி 15, வெள்ளி

ஒன்பது அடித்து நாலு நிமிடத்தில் மிஸ்ட் கோல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி. காட் நம்பரை இரண்டு தரம் பிழையாக அமத்தினேன்.

"ஏன் சுணங்கினீங்க?" என்றாள் சபியா. "நான் பயந்துட்டன்."

"ஒண்டுமில்ல. சீனி என்ன செய்யிது?"

சபியா சொன்னாள்: "அடுப்படியில படுத்திரிக்கி. மழைக் குளிர்தானே."

"மீன் திண்டிச்சா?"

"திண்டிச்சி. முள்ளெடுத்துத்தான் குடுத்த."

பிறகு மழையைச் சொன்னாள். ஜவுபர் இருமலுக்கு மருந்து எடுக்க மறுப்பதைச் சொன்னாள். உம்மா வைக்கிற புளியாணம் இன்றைக்கு வைத்ததாகவும், புளி கூடிவிட்டதாகவும் சொன்னாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு அவள் வாயில் 'உம்மா' என்ற சொல் சாதாரணமாக வந்தது. காட் முடிந்து தானாக அறுந்தது.

சல்மா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து, தங்கச்சி என்ன சொல்கிறாள் என்று கேட்டாள்.

சீனி சுகமாக இருக்கிறதாம் என்றேன்.